மூன்றாம் பேஸில் நின்ற அருமைநாயகி

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் இரு வீடுகளின் நடுச்சுவர் மெல்லியது. அது என் பிழையல்ல. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணராசா சிகாகோவில் தமையன் வீட்டில் ஒரு கோடை இருந்துவிட்டு வந்ததிலிருந்து பேஸ்போல் பைத்தியம். அதுவும் நூறு வருஷத்துக்கு முந்திய பேஸ்போல். அன்சன் என்ற சிகாகோ ஆட்டக்காரர் பந்தை அடித்தடித்துத் தன் அணிக்காரரைப் பேஸ் பேஸாக ஓடவைத்து வீடு சேர்த்தே பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிடம் பிடித்த கதை எனக்கே மனப்பாடம்.

"ஓடி வந்தவனுக்கில்லை, அடிச்சு அனுப்பினவனுக்குத்தான் பெருமை," என்பார். "நானும் என்ரை நாலு தம்பிமாரை அப்பிடித்தான் லண்டனுக்கு எடுத்தனான்."

எடுத்தது அவர் மனைவி நகுலேஸ்வரியின் இரட்டை ஷிப்ட் என்பது தெருவுக்கே தெரியும். காலையில் லோண்டரி, பின்னேரம் பெற்றோல் ஷெட். முழங்கால் போனபின் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கிறாள். லண்டன் வரக் காத்துக் கொழும்பு லொட்ஜில் தனியே கிடந்த தன் தங்கை அருமைநாயகியை எடுக்க ஸ்பொன்சர் கையெழுத்துக் கேட்டால், "அடுத்த வருசம் பாப்பம்," என்பார். கடைசியாக அப்படிச் சொன்னபோது, மணிவிழாவுக்கு எத்தனை பேர் வருவினம் என்று அவள் கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஏதோ நடக்கப்போகிறது என்று எனக்குப் பட்டது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

2009 ஆவணியில் அவருக்கு மணிவிழா. மண்டபம் நிறைந்த சனம், வீடியோ எடுக்கக் கௌசிகன். மாலையோடு நின்று மறுபடியும் அன்சன், மறுபடியும் நாலு தம்பிமார். பேசி முடிந்ததும் நகுலேஸ்வரி மைக்கை வாங்கினாள்.

"அன்சன் காலத்திலை ஆர் ஆரை ஓடவைச்சது எண்ட கணக்கை ஒருத்தரும் ஒழுங்கா எண்ணேல்லையாம். ஆள் செத்தாப் பிறகு பழைய பேப்பருகளைத் துழாவி எண்ணினவையாம். நான் சாகுமட்டும் பாத்துக்கொண்டு இருக்கேலாது, இப்பவே எண்ணுறன். தம்பிமார், எழும்புங்கோ. உங்களை எடுத்தது ஆர்?"

கடைசித் தம்பி இராஜேந்திரன் நிலத்தைப் பார்த்தபடி, "அண்ணிதான்," என்றான். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். பந்தியில் இருந்தவர்கள் கடித்த வடையோடு எட்டிப் பார்த்தார்கள்.

"அருமைநாயகி மட்டும் மூண்டாம் பேஸிலை, வீட்டுக்கு ஒரு ஓட்டம் மிச்சமா, நிக்கிறாள். மட்டை இப்ப இவரின்ரை கையிலை. தம்பி கௌசிகன், கமராவை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவா."

மணிவிழா டிவிடி டொராண்டோ, பாரிஸ் என்று உறவுக்காரர் எல்லார் வீட்டுக்கும் போகும். கிருஷ்ணராசாவின் நெற்றிச் சந்தனம் வியர்வையில் இறங்கியது.

"நாளைக்கே சைன் வைக்கிறன்."

"இப்பவே வையுங்கோ. எல்லாம் ஹாண்ட்பாக்கிலை இருக்கு."

வைத்தார். மறுவாரம் கௌசிகனைத் தனியே கூப்பிட்டு டிவிடியில் அந்த இடத்தை வெட்டச் சொன்னார்.

"நகுலேஸ்வரி அக்கா எல்லாக் கொப்பியும் வாங்கி அனுப்பிட்டா, அண்ணை. சிகாகோவுக்கும் போயிட்டுது."

அருமைநாயகி கார்த்திகையில் வந்து இறங்கினாள். இப்போது அந்த வீட்டுக்கு யார் போனாலும் நகுலேஸ்வரி டிவிடியைப் போட்டுவிடுவாள். தேநீர் கொண்டுவருவது கிருஷ்ணராசா. சீனி காணாது. ஆனாலும் நாளைக்கும் போவதாக இருக்கிறேன்.