கத்தி படாத ரொட்டி

கிளாஃபிராவுக்கு அன்று கத்தி படாத முழு ரொட்டி ஒன்று வேண்டும். மகள் உஸ்தின்யாவுக்கு மதியம் கல்யாணம். கோயிலிலிருந்து மணமக்கள் வாசலுக்கு வந்ததும், ரொட்டியின் மேல் உப்பு வைத்துத் தாய்க்காரி நீட்ட, இருவரும் ஆளுக்கொரு கடி கடிக்க வேண்டும். வெட்டிய துண்டை நீட்டினால் குடும்பமும் வெட்டுப்படும் என்று ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராதில் தெரியாதவர் யார்? ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு வரப்போகிறது. இன்றைக்கு விட்டால் ஈஸ்டர் முடியும்வரை பாதிரியார் யாருக்கும் மணம் முடித்து வைக்கமாட்டார். மாப்பிள்ளை யெவ்சேயோ ஞாயிறன்று போர்முனைக்குத் திரும்ப வேண்டும்.

ரொட்டிக்கடை வரிசையில் அவள் நாற்பத்தொன்றாவது ஆள். கோட்டுக் கையில் அந்த எண்ணைச் சாக்கட்டியால் எழுதியிருந்தது. பனியில் கால் மரத்துப்போகாமலிருக்கப் பெண்கள் குதித்துக்கொண்டே வம்பளந்தார்கள்.

"சக்கரவர்த்தி வீட்டம்மா நம்பர் என்னாம்டி?" என்றாள் பக்கத்து அறைக்காரி தோம்னா.

"நூத்திப் பத்து! நமக்குப் பின்னாடிதான் நிக்குது!" என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு தெருக்கோடிவரை ஓடியது. கிளாஃபிராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாய மூடுங்கடி! சக்கரவர்த்திக்கு இதெல்லாம் தெரியாது. சுத்தியிருக்கவனுங்க மறைக்கிறானுங்க. தெரிஞ்சா ஒரு நாள் பொறுப்பாரா?"

மூன்று குளிர்காலமாக இதையேதான் சொல்லிவந்தாள். புருஷன் போரில் செத்ததாகக் கடிதம் வந்த அன்றும் இதையேதான் சொன்னாள்.

ஒருவழியாக அவளும் தோம்னாவோடு சேர்த்துத் தெரிந்த ஏழு பெண்களும் கடைக்குள் நுழைந்தார்கள். கடைக்காரர் ஷீலின் கத்தியை எடுத்தார்.

"தலைக்கு ஒரு பவுண்டு. வெட்டித்தான் குடுப்பேன்."

"ஐயா, கல்யாண ரொட்டிங்க!"

"அட, எங்க பங்கையும் சேத்துக்கய்யா," என்றாள் தோம்னா. "எட்டுப் பேரு, எட்டுப் பவுண்டு, ஒரே ரொட்டி. நாங்க கல்யாணத்துக்கே போய்த் தின்னுக்கிறோம்!"

எட்டுப் பேரும் கைதட்டினார்கள். ஷீலின் அசையவில்லை.

"உத்தரவு இருக்கும்மா. சக்கரவர்த்தி பேர்ல வந்த உத்தரவு."

"அவருக்கு இது தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டாள் கிளாஃபிரா.

ஷீலின் நெஞ்சை நிமிர்த்தினார். "பின்ன? அவருக்குத் தெரியாம இந்த ஊர்ல ஒரு துண்டு ரொட்டி வெட்ட முடியுமா?"

கத்தி உயர்ந்தது. என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மேசைமேல் பாய்ந்து ரொட்டியைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். மற்ற ஏழு பேரும் காசை மேசைமேல் வீசிவிட்டுக் கூச்சலிட்டபடி அவளோடு ஓடினார்கள். கத்தியும் கையுமாக வெளியே வந்த ஷீலினுக்கு வழிவிட வரிசையில் ஒருத்தியும் நகரவில்லை.

"வரிசைல வாங்கய்யா! நம்பர் எங்க?" என்று அவரையே மடக்கினார்கள்.

பனியில் வழுக்கி, எழுந்து, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க வீடு வந்து சேர்ந்தார்கள்.

மதியம் கோயிலிலிருந்து வந்ததும் வாசலில் உஸ்தின்யா வாய் கொள்ளாத கடி கடித்தாள். பெரிய கடி கடித்தவர்தான் வீட்டை ஆள்வார் என்பதால் யெவ்சேய் தலையில் அடித்துக்கொண்டான். கிளாஃபிராவுக்கு ஆனந்தத்தில் அழுகையே வந்தது. ஏழு பேரும் தங்கள் பங்கைச் சண்டைபோட்டு வாங்கித் தின்றார்கள்.

பிறகு மாப்பிள்ளையின் சித்தப்பா கோப்பையோடு எழுந்தார். முதல் கோப்பையை எப்போதும் சக்கரவர்த்தி நலனுக்கென்று எழுந்து நின்று குடிப்பார்கள். எந்தக் கல்யாணத்திலும் அதற்கு முதலில் எழுந்து நிற்பவள் கிளாஃபிராதான் என்பதால் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் மடியில் சிந்திய துணுக்குகளைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க சம்பந்தி," என்றாள். "பொண்ணு மாப்பிள்ளைக்குக் குடிப்போம்."