ரெண்டு ஆட்டுக்கான இலை

அண்டாவில் தண்ணீர் சூடேறத் தொடங்கிய பிறகுதான் இலந்தை இலை யாரிடமும் இல்லை என்பது தெரிந்தது.

மய்யித்தைக் குளிப்பாட்ட வந்திருந்த நிஜாம், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே கேட்டான். "அக்கா, இலை போட்டாச்சுங்களா?"

விறகைத் தள்ளிக்கொண்டிருந்த பக்ருன்னிசா நிமிர்ந்தாள். கண்ணில் புகை. இறந்தவரைக் கழுவும் தண்ணீரில் இலந்தை இலை கொதிக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாததில்லை. காலையிலிருந்து எல்லாவற்றையும் நினைத்தவள் இதை மட்டும் எப்படியோ மறந்துவிட்டாள்.

முன்னறையில் பெஞ்சின் மேல் அவளைப் பெற்ற அத்தா கிடந்தார். விடியலில் சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். எண்பது வயதுக்கு மேலாகிவிட்டது. ரசாக் என்று கேட்டால் கோட்டைமேட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. கூட்ஸ் ஷெட் பாய் என்றால் குழந்தைகூட வீட்டைக் காட்டிவிடும்.

"இல்லாட்டியும் ஒண்ணுமில்லீங்கக்கா. சோப்பு இருக்குது, கற்பூரம் இருக்குது. மருந்துக்கடையில பொடி விப்பாங்க, இன்னிக்கு ஞாயித்துக்கெழம, பூட்டியிருப்பான். இப்பெல்லாம் ஆரு இலைக்கு அலையறாங்க?"

"எங்கம்மாவுக்கு இலை போட்டுத்தான் குளிப்பாட்டுனோம்."

அன்று அத்தா யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். பெண்டாட்டி செத்த வீட்டில் ஆளைக் காணோமே என்று தெருவே தேடியது. மடி நிறைய இலையோடு வந்து சேர்ந்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, "நம்ம கூட்ஸ் ஷெட்டுலதான்" என்றார். ஷெட்டை மூடி அப்போதே வெகுகாலம் ஆகியிருந்தது. அத்தாவுக்கு அது எப்போதும் நம்ம கூட்ஸ் ஷெட்தான்.

பக்ருன்னிசா கொடியில் கிடந்த துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். சுவரில் மாட்டியிருந்த அத்தாவின் பச்சை பெல்ட்டின் பைக்குள் விரலை விட்டுப் பெட்டிச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

"கபன் துணி பெட்டிக்குள்ள இருக்குது. நான் வந்து எடுத்துத் தாரேன். அது வரைக்கும் அடுப்பு அணையாம பாத்துக்க நிஜாம்."

பக்கத்து வீட்டு யாஸ்மின் வாசலில் மறித்தாள். "ஏனக்கா, மய்யித்த ஊட்டுல வெச்சுப்போட்டு நீங்க எங்க கெளம்பறீங்க? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"வேற ஆரு இருக்கா போறதுக்கு?"

யாஸ்மின் வழியை விட்டாள். கல்யாணமாகி ரெண்டு வருசத்தில் திரும்பி வந்தவள் பக்ருன்னிசா. பிள்ளையில்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. அம்மா போனபின் அந்த வீட்டில் இரண்டே தட்டு. நாளையிலிருந்து ஒன்று.

"சீக்கிரம் வந்துருங்க. மத்தியானம் லுஹருக்கு எடுத்துருவாங்க" என்றாள் யாஸ்மின், பின்னாலிருந்து.

சின்ன வயதில், ஷெட்டில் வேலை செய்த அத்தாவுக்குத் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோன வழி அது. கால்களுக்கு நினைவிருந்தது, கண்களுக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. கூட்ஸ் ஷெட் ரோடு என்று பெயர்ப்பலகை மட்டும் இருந்தது. ஒரு மொபைல் கடை, ஒரு லாட்ஜ், கண்ணாடி வைத்த ஒரு பெரிய கட்டடம். பஞ்சுப் பொதியும் புண்ணாக்கும் கலந்த அந்த வாசனை எங்கும் இல்லை. ஒரு காலத்தில் அதை மோந்துகொண்டே கண்ணை மூடி அவளால் போக முடியும்.

ஒரு காம்பவுண்டுச் சுவர் காரணமே இல்லாமல் வளைந்து போனதைக் கண்டு நின்றாள். வீட்டுச் சுவரை யாரும் இப்படி வில்லாக வளைத்துக் கட்ட மாட்டார்கள். வேகன்கள் இங்கேதான் திரும்பும். சக்கரம் கிறீச்சிடும்போது அவள் காதைப் பொத்திக்கொள்வாள். தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள், அது போன வழியிலேயே சுவர் போயிருக்கிறது.

சுவரில் கையை வைத்துக்கொண்டு நடந்தாள். அது முடிந்த இடத்தில் தார் ரோட்டில் ஒரு மேடு, அடியில் எதையோ புதைத்த மாதிரி. அங்கே ஒரு ஸ்கூட்டர் குலுங்கி ஏறி இறங்கியது. அதைத் தாண்டினால் வாகன நிறுத்தம். நுழைவில் இரண்டு பக்கமும் தூணாக நட்டிருந்தவை தண்டவாளத் துண்டுகள், மஞ்சளும் கறுப்புமாகப் பெயின்ட் அடித்து.

உள்ளே ஒரு நீளமான கல்மேடை. அதன் மேல் வரிசையாக பைக்குகள். அந்தக் கல் ஓரத்தில் உட்கார்ந்துதான் அத்தா கை கழுவுவார். அங்கிருந்து எடை போடும் இடம். அதற்குப் பின்னால் மரம். பழம் விழும் காலத்தில் பாவாடையில் பொறுக்கிக்கொண்டு போவாள்.

மேடையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு கார்.

"ஏனுங்கம்மா, எந்த வண்டீங்க? டோக்கன் குடுங்க."

சீட்டுக் கிழிக்கிறவர். சட்டையில் கிருபாசங்கர் என்று பெயர் குத்தியிருந்தார்.

"வண்டியில்லீங்க. இங்க ஒரு மரம்..."

"மரத்துக்கெல்லாம் டோக்கன் போடறதில்லீங்களே" என்று சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "எலந்த மரமுங்களா? ஆடி மாசமே வெட்டிப்போட்டாங்க. முள்ளு டயர்ல ஏறுது, டயர்ல ஏறுதுன்னு ஒரே சண்டை. வேரைக்கூட மிசினு வெச்சுப் பறிச்சாச்சு."

காருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். சிமெண்ட் தரை. ஒரு வட்டம் மட்டும் புதுச் சிமெண்டாக வெளுத்திருந்தது.

"இலை வேணுமுங்களா? ஆட்டுக்குங்களா?"

அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

"ஒரு பெரியவர் வருவாருங்க, பச்ச பெல்ட்டு போட்ட பாய். பொழுது சாஞ்சா வந்து அந்த மேடை ஓரத்துல, பைக்குக மத்தியில உக்காந்துக்குவாரு. பாய், வண்டி எடுக்கோணும், நகருங்கம்பேன். வேகனே எடுத்தாச்சு, வண்டியென்ன வண்டிம்பாரு." கிருபாசங்கர் தலையை ஆட்டிக்கொண்டார். "மரம் வெட்டுன அன்னிக்கும் வந்தாரு. ஒரு வார்த்தை பேசுல. கெளையெல்லாம் லாரியில ஏத்தற வரைக்கும் நின்னு நின்னு இலைய உருவுனாரு. கையெல்லாம் முள்ளுக் கீறி ரத்தம். ஆட்டுக்குங்களா பாய்னு கேட்டேன். ஆமா தம்பி, ஊட்டுல ரெண்டு ஆடு நிக்குதுன்னாரு. அப்பறம் இந்தப் பக்கமே காணோம். அந்த ஆட்டுக்கு இப்ப என்ன போடறாரோ."

"எங்க ஊட்டுல ஆடே இல்லீங்க" என்றாள் பக்ருன்னிசா.

அவருக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "உங்க அப்பாவுங்களா?"

"விடியக்காலம் மௌத்தாயிட்டாரு."

கிருபாசங்கர் டோக்கன் கட்டைச் சட்டைப்பையில் செருகினார். தொப்பியைக் கழற்றினார். கார்க்காரர் ஒருவர் ஹாரன் அடித்தார். அவர் திரும்பவில்லை.

"ஒரு நாளாச்சும் டீ வாங்கிக் குடுத்திருக்கலாமுங்க" என்றார்.

திரும்பும் வழியில் அந்த வளைந்த சுவர் முடியவே முடியாது போலிருந்தது. ஆடியில் ஒரு நாள் கை முழுக்கக் கீறலோடு வந்து நின்றார் அத்தா. பூனை பறண்டிவிட்டது என்றார். எந்தப் பூனை, எங்கே என்று அவள் கேட்கவில்லை. வேலை பார்க்கும் கடையில் அன்று நாள் முழுக்க நின்று அவளுக்குக் கால் வலி. தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டு, "பேசாம ஊட்டுல கெடங்க" என்று அதட்டினாள். கிடந்தார். அதன்பின் சாயங்காலங்களில் எங்கும் போகவேயில்லை. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

வெறுங்கையோடு வந்தவளை நிஜாம் பார்த்தான். கொல்லையில் போர்வைகளைக் கட்டி மறைப்பு போட்டிருந்தார்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"கபனை எடுத்துத் தாங்கக்கா. நேரமாச்சு."

அத்தாவின் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தாள். தன் மய்யித்தைப் போர்த்த அவராகவே துணி வாங்கி வைத்த பெட்டி. அவள் அதைத் திறந்ததில்லை. திறக்க வேண்டிய நாளும் வராதிருக்கட்டும் என்று இருந்தவள். பூட்டு எண்ணெய் போட்டதுபோல் சுலபமாகத் திறந்துகொண்டது.

மேலே வெள்ளைத் துணி. அத்தர் குப்பி. கற்பூரம். துணியைத் தூக்கினாள். அடியில் இரண்டு சிறு மூட்டைகள் இருந்தன.

ஒன்று அத்தாவின் பழைய கட்டம் போட்ட கைலித் துணி. வாயைச் சணல் நூலால் தைத்திருந்தார், பஞ்சுப் பொதியைத் தைப்பதுபோல் பெரிய பெரிய தையல், கோணி ஊசித் தையல். அழுத்தினாள். உள்ளே சருகு நொறுங்கியது. முகத்தருகே கொண்டுபோனதும் அந்த இலையின் லேசான கசப்பு வாசம் வந்தது.

மற்றது நீலத் துணி. கரையில் வெள்ளைப் பூ. பள்ளிக்கூடம் போன காலத்தில் அவள் கட்டிய தாவணி. அது எப்போதோ கரித்துணியாகப் போயிருக்கும் என்று நினைத்திருந்தாள். அதே சணல் நூல், அதே தையல், இதில் மட்டும் இன்னும் கொஞ்சம் நெருக்கமாக.

யாஸ்மின் வந்து தோளைத் தொட்டாள். "அட, இலைங்களா? உள்ளயே இருந்துச்சா? நீங்க பாட்டுக்கு வெயில்ல அலைஞ்சுபோட்டு வந்தீங்க."

வாசலில் நிஜாமின் முகம் தெரிந்தது. "ரெண்டு இருக்குங்களா? ரெண்டையும் போட்டுரலாமுங்களா?"

"ஒண்ணு போதும்."

கைலி மூட்டையையும் துணியையும் அத்தரையும் அவன் கையில் கொடுத்தாள். "தையல அறுக்காதே நிஜாம். ஒரு நுனி பிடிச்சு இழுத்தா முழுசும் உருவிட்டு வந்துரும். அத்தா அப்படித்தான் தைப்பாரு."

"சரிங்கக்கா."

நீல மூட்டை மடியில் இருந்தது. யாஸ்மின் அதைப் பார்த்தாள், பிறகு பக்ருன்னிசாவைப் பார்த்தாள், பிறகு எதையோ எடுக்கப் போகிறவள்போல் அடுக்களைப் பக்கம் போய்விட்டாள்.

கொல்லையிலிருந்து இலை வெந்த மணம் வீட்டுக்குள் வந்தது.

பக்ருன்னிசா மூட்டையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பழைய இடத்துக்கே தள்ளப் போனவள் நின்றாள். பின் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்து, சிமெண்ட் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு போய், தன் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.