கிராங்குக்குப் போட்ட உப்பு

ரிங்லெட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தின் நாலாம் வருஷம், உப்புக்கு இருந்த மரியாதை மனுஷனுக்கு இல்லை. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். அதனால் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்கு உப்பை அளந்து கொடுத்தார்கள், பிறகு அந்த அளவையும் பாதியாக்கினார்கள். முள்வேலி கேட்டில் பெண்களைச் சோதிக்கும் தங்கம்மா, முந்தானை முடிச்சைக்கூட அவிழ்த்துப் பார்ப்பாள்.

துரையின் பங்களாவில் மட்டும் கடலே குடியிருந்தது. பின்கட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் கிராங் சிப்பிகள். அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதைப் பார்க்க வேண்டுமென்பது துரையின் கிறுக்கு. அதற்காகக் கடல்தண்ணீர் லோரியேறி மலைக்கு வந்தது. தொட்டியின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்வது வேலைக்காரி செல்லத்தின் பொறுப்பு.

அவள் மகள் சரோஜா ஆறு மாதக் கர்ப்பிணி. உப்பில்லாத கஞ்சி போன வேகத்தில் வெளியே வந்தது. மகள் இளைத்துத் துரும்பாகிப்போனாள். ஒருநாள் செல்லம் துணியைத் தொட்டியில் முக்கினாள். பங்களாத் துணி துவைப்பவள் ஈரத்துணியோடு போனால் யார் சந்தேகப்படுவார்கள்? வீட்டில் பிழிந்து, கொதிக்கவைத்துக் கஞ்சியில் ஊற்றினாள். சரோஜா கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். அன்றிலிருந்து தினமும் இரண்டு துணி. எடுத்த அளவுக்கு ஓடைத்தண்ணீரை ஊற்றிவிடுவாள்.

இரண்டு மாதம் கழித்து, துரை பூதக்கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தார்.

"செல்லம், முட்டை எல்லாம் தண்ணி குடிச்சு ஊதி வெடிச்சுப் போச்சு. தண்ணில உப்பு இல்லே."

தெரிந்தால் செல்லத்தை நாடு கடத்திவிடுவார்கள். பிரசவத்துக்கு மகளுக்கு யார் இருக்கிறார்கள்?

துரை கூரையைத்தான் பார்த்தார். "மழை ஒழுகுது. மூடி போட்டுப் பூட்டணும்." ஸ்டோருக்குச் சீட்டு எழுதினார். ஐந்து காட்டி, கிட்டத்தட்ட மூன்று கிலோ, உப்பு வந்தது.

"நீயே போடு. உப்பு கொறஞ்சா குஞ்சு எப்படிப் பொறக்கும்? பாவம், வாயில்லாத ஜீவன்."

"ஆமாங்க தொரை," என்றாள் செல்லம். அந்த மனுஷனை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. லயத்தில் பத்துக் குடும்பம் ஒரு வாரம் தின்னும் உப்பு, அவள் கையாலேயே கரைந்தது. துரை தொட்டியைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கையைத் துடைக்காமல், விரல்களை மடக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். இன்றைக்கு ஒருவேளைக் கஞ்சிக்காவது ஆகும். தங்கம்மா விரல்களைப் பிரித்து, வெள்ளையாய் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள்.

"என்னா செய்யச் சொல்றக்கா, மாத்தா மாத்தா பாக்குறான்லா," என்று போலீஸ்காரன் பக்கம் கண்ணைக் காட்டிவிட்டுக் குழாயைத் திறந்தாள்.

இரண்டு கையையும் நன்றாகக் கழுவவைத்த பிறகுதான் விட்டாள்.