ஒரு வரிசை பாக்கி

மருந்துக்கடையில் வேலை செய்கிறவளுக்கு அந்தக் குடியிருப்பில் யாரும் மருந்துக்காரி என்று பெயர் வைக்கவில்லை. நூல்காரி என்றுதான் வைத்தார்கள். வைக்காமல் என்ன செய்வார்கள்? சீட்டை நீட்டியவர் நிமிர்வதற்குள் மேஜைக்கடியில் இரண்டு கண்ணி பின்னிவிடுவாள். வீட்டுக்கு வந்தால் ஜன்னலோர நாற்காலி, மடியில் நூல்கண்டு, அவ்வளவுதான், ஆள் இந்த உலகத்தில் இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் பக்கத்து வீட்டுக்காரர்தான் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும்.

இத்தனை பின்னுகிறாளே, அந்த வீட்டில் ஒரு ஸ்வெட்டராவது உண்டா என்று கேளுங்கள். கிடையாது. அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்தால் உள்ளங்கை அகலத்தில் சதுரத் துண்டுகள், நூற்றுக்கு மேல். நூல் எப்படி விழுகிறது என்று பார்க்க முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னுவார்களே, அதுதான். மற்றவர்கள் அதற்குப் பிறகு வேலையைத் தொடங்குவார்கள். இவள் அதோடு நிறுத்திவிடுவாள். இந்த மாதம் மட்டும் மூன்று. சாம்பல் நிறத்தில் வெள்ளைப் பொட்டு தெறித்த முரட்டுக் கம்பளியில் சடை டிசைன். விரலில் நிற்காமல் வழுக்கும் மெரினோ ஆட்டுக் கம்பளியில் இலை டிசைன். அவளுக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவது, பருத்தி கலந்த கடுகு மஞ்சள், அரிசி அரிசியாகப் புள்ளி எழும் பின்னல். அந்தத் துண்டைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினால் போதும். முழங்கால் வரை ஒரு மஞ்சள் கோட்டு வரும், மரப் பொத்தான் வரும், அதைப் போட்டுக்கொண்டு யாரோ ஈரத் தெருவில் மெதுவாக நடந்து போவார்கள். முகம் தெரியாது, நடை மட்டும் தெரியும். அவளும் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்விட்டு வருவாள்.

“இது என்ன, சுண்டெலிக்குப் போர்வையா?” என்பார் கணவர். லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டில் கம்பியோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனிதர், வீட்டுக்கு வந்தால் வாய் சும்மா இருக்காது.

“எலிக்கு அளவெடுத்துட்டு வாங்க, பின்னித் தரேன்” என்பாள் அவளும்.

சிரிப்புதான். ஆனால் ஏன் உள்ளங்கையைத் தாண்டுவதில்லை என்பது அவருக்குத் தெரியும், அவர் தங்கைக்கும் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு குழந்தைச் சட்டையை முழுசாகப் பின்னினாள். பால் வெள்ளை. கடைசி வரிசையை முடித்து, நூலை வெட்டி, மடித்துப் பையில் வைத்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பை திரும்பி வந்தது. குழந்தை வரவில்லை. சட்டையை முடித்ததால்தான் போயிற்று என்று அவள் மனசில் விழுந்துவிட்டது. தினமும் டாக்டர் சீட்டோடு மல்லாடுகிறவளுக்கு அது பைத்தியக்காரத்தனம் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, கை கேட்க வேண்டாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் வந்து நின்றாள், ஏழு மாத வயிற்றோடு. நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவள். குளத்தோரம் நின்று கத்திக் கத்தி, அவள் ரகசியம் பேசினாலும் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

“அண்ணி, என் பிள்ளைக்கு ஒரு சட்டை பின்னித் தரணும். துண்டு இல்ல, முழுச் சட்டை.”

“ஏய், எங்க என்ன பேசறதுன்னு இல்லையா உனக்கு?” என்று பாய்ந்தார் மெக்கானிக்.

“நீ சும்மா இருண்ணா.”

“வேணாம்மா” என்றாள் நூல்காரி. “கடையில நல்லதாப் பார்த்து வாங்கித் தரேன். நான் பின்னி முடிச்சு, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, என்னால தாங்க முடியாது.”

நாத்தனார் உட்கார்ந்தாள். அவள் குரல் இறங்கி யாரும் கேட்டதில்லை, அன்றைக்கு இறங்கியது. “எனக்கும் பயமா இருக்கு அண்ணி. ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லியே எல்லாரும் உயிரை வாங்குறாங்க. நீங்க ஒருத்தர்தான் அப்படிச் சொல்ல மாட்டீங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்.”

இதற்கு மேலும் மறுக்க அவள் என்ன கல்லா?

பட்டாணியை உரித்தால் தோலின் உள்பக்கம் ஒரு பச்சை இருக்குமே, அந்தப் பச்சையில் நூல் வாங்கினாள். கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் சட்டை. இதில் ஒரு சௌகரியம், எந்த வரிசையில் நிறுத்தினாலும் போட்டுப் பார்க்கலாம். உள்ளங்கை அகலத்தைத் தாண்டிய அன்றைக்கு ஒவ்வொரு வரிசையையும் இரண்டு தடவை எண்ணினாள். பிறகு பழகிவிட்டது. அதற்கப்புறம் ஜன்னலுக்கு வெளியே வெயில் வந்ததா மழை வந்ததா என்று அவளைக் கேட்டுப் பிரயோசனமில்லை. அவள் பச்சைக்குள் இருந்தாள். தோளைப் பின்னும்போது ஒரு தலை தூக்கத்தில் அவள் பக்கம் சாய்ந்தது. கையைப் பின்னும்போது அதற்குள்ளிருந்து ஐந்து விரல் வந்து ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தது. சட்டைக்குள் ஒரு குழந்தை உட்கார்ந்தது, எழுந்தது, நடந்தது, பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டது. என்ன சுகமான நாட்கள்!

விளிம்பும் வந்தது. கடைசி வரிசையில் கண்ணிகளை ஒவ்வொன்றாக மூடினால் சட்டை முடிந்தது. நூற்றுப் பன்னிரண்டு கண்ணி. அங்கே நின்றாள். அவற்றை ஒரு தனி நூலில் கோத்துத் தொங்கவிட்டுப் பைக்குள் வைத்தாள். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று.

“ஒரு வரிசைதானே? சொல்லிக் கொடு, நான் போட்டுடறேன்” என்றார் கணவர், பாவம், நல்ல எண்ணத்தில்தான்.

“அதுல கை வச்சீங்க, நடக்கிறது வேற!”

மனிதர் எழுந்து அடுப்பில் பாலைப் பார்க்கப் போனார்.

டாக்டர் குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே போன் வந்தது. பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம். அவர் துள்ளிக் குதித்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதாவது முடித்தாளா? இல்லை. பிள்ளை பிறந்த பிறகு பயம் பெரிசாகத்தான் ஆயிற்று. இப்போது பறிபோக ஒரு உயிர் இருக்கிறதே.

பத்தாம் நாள் பையோடு நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள். கட்டில் முழுக்கத் துணி, தரையில் பால் புட்டி. தலை சீவாமல் உட்கார்ந்திருந்தவள் கையை நீட்டிப் பையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். பச்சைச் சட்டையை விரித்துப் பார்த்தாள். விளிம்பில் நூல் தொங்கியது.

“முடிக்கலையா?”

“முடியலம்மா. எத்தனையோ தடவை எடுத்தேன். பயமா இருக்கு.”

நாத்தனார் கட்டில் பக்கம் திரும்பினாள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அந்தச் சட்டையை அப்படியே மாட்டினாள், பிள்ளையைத் தூக்கி அண்ணியின் மடியில் வைத்தாள். “இப்ப முடிங்க. அவளைப் பார்த்துக்கிட்டே முடிங்க. நானும் இங்கதான் இருப்பேன்.”

நூல்காரி முனை மழுங்கிய கொக்கி ஊசியை எடுத்தாள். ஒரு கண்ணியை மூடினாள். பிள்ளையின் வயிறு ஏறியது, இறங்கியது. அதைப் பார்த்த பிறகு அடுத்த கண்ணி. ஏறியது, இறங்கியது. மூச்சோடு மூச்சாகக் கை போனது. முதுகுப் பக்கம் வந்ததும் நாத்தனார் பிள்ளையை மெல்ல ஒருக்களித்துப் பிடித்தாள். மெக்கானிக் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். வெளியே யாருடைய சைக்கிளோ மணியடித்துக்கொண்டு போனது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவர்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியாது.

கடைசிக் கண்ணி. நூலை வெட்டினாள். நுனியை இழுத்து இறுக்கினாள். சட்டை முடிந்துவிட்டது.

கையைப் பிள்ளையின் வயிற்றிலிருந்து எடுக்க அவளால் முடியவில்லை. பிள்ளை நெளிந்தது. முகம் சிவந்தது. வாயைத் திறந்து வீடே அதிர ஒரு அலறல் போட்டது. சந்தேகமே வேண்டாம், அம்மா தொண்டைதான்.

நாத்தனார் பதறிக் கையை நீட்டினாள். “பசி அண்ணி, குடுங்க.”

நூல்காரி தரவில்லை. அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. எட்டு வருடத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் காதைத் தீட்டிக்கொண்டு அவள் காத்துக் கிடந்தது இந்த ஒரு சத்தத்துக்குத்தான்.

“இரும்மா” என்றாள். “இன்னும் கொஞ்சம் அழட்டும்.”