அம்மாவுக்கு என்ன வருத்தம்?

கனடாவில், ஸ்கார்பரோ கோயில் மண்டபத்தில் இலவச மருத்துவப் பரிசோதனை. தவமலர் பிரஷர் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள். ஐம்பத்தாறு வயதாகியும் மார்பகப் பரிசோதனை ஒருமுறைகூடச் செய்யாதவள் அவள். வலி இல்லாத உடம்பை எதற்குக் காட்ட வேண்டும் என்று தட்டிக் கழித்துக்கொண்டே வந்திருந்தாள்.

தாதி தர்ஷிகா பெயர், வயது எல்லாம் கேட்டபின், "அன்ரி, உங்கட அம்மா என்ன வருத்தத்தில மோசம் போனவா?" என்றாள்.

"காய்ச்சல்" என்று சொன்ன தவமலருக்கு அந்தப் பதில் தன் காதுக்கே போதாததாகப் பட்டது. என்ன காய்ச்சல்? எத்தனை நாள்? அம்மா இறந்தபோது அவளுடைய அகதி வழக்கு இங்கே இழுபட்டுக்கொண்டிருந்தது. செத்த வீட்டுக்கும் போகவில்லை. நெற்றியில் ஈரத்துணியோடு அம்மா படுத்திருப்பதாக அவளாகவே ஒரு படம் வைத்துக்கொண்டு இத்தனை வருடம் அழுதிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் முள்ளியவளையிலிருக்கும் பூமலர் அக்காவுக்கு அழைத்தாள். அக்கா முதலில் மழுப்பினாள். வயல், வெயில் என்று பேச்சை மாற்றிப் பார்த்தாள். தவமலர் விடவில்லை.

"நெஞ்சில கட்டி. கடைசி மட்டும் சீலையால மூடிக்கொண்டு திரிஞ்சவா" என்றாள் அக்கா. "உனக்குச் சொல்லக்கூடாது எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவா. சொன்னா நீ கேசை விட்டிட்டு ஓடி வந்திடுவாயாம்."

தவமலர் அடுத்த வாரமே மார்பகப் படம் எடுத்தாள். இடப்பக்கம் மிளகளவில் ஒரு கட்டி இருந்தது. கைக்குத் தட்டுப்படாத ஆரம்ப நிலை, நல்ல வேளையாக வந்தீர்கள் என்றார் வைத்தியர். வெட்டி எடுத்தார்கள். கதிர்ச் சிகிச்சையும் முடிந்து தேறிவிட்டாள்.

பிறகு, நீயும் போய்க் காட்டு என்று அக்காவை விடாமல் நச்சரித்தாள்.

"எனக்கென்னடி, நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன்."

"அம்மாவும் அப்பிடித்தானே சொல்லியிருப்பா."

 இரண்டு நாள் கழித்து அக்கா யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்தபடி, பயமாயிருக்கு, கதைச்சுக்கொண்டிரு என்று அவளே போன் எடுத்தாள்.

பின்னர் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அன்றைக்கு இருவரும் நெடுநேரம் கதைத்தார்கள். அம்மாவை யார் குளிக்க வார்த்தது, என்ன சாப்பிட்டா என்று தவமலர் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அக்கா ஒளிக்காமல் சொன்னாள்.

"கடைசியில ஆளை மட்டுக்கட்டத் தெரியேல்ல. என்னைத்தான் 'தவம், தவம்' எண்டு கூப்பிட்டவா."

"நீ என்ன சொன்னனீ?"

"ஓம் அம்மா, வந்திட்டன் எண்டனான்."

தவமலர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா எப்படிச் சொன்னாள், எந்தக் குரலில் சொன்னாள் என்று இன்னொருமுறை கேட்டாள். அக்காவும் சொன்னாள்.