பிம்பிகளைப் பார்க்க வந்த யானைகள்

சகல்லா மலையடிவாரப் பள்ளியில் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தை ஜன்னலோரம் நின்று கேட்ட பதினோரு யானைகள், மறுநாள் காலையில் சொந்தக்காரர்களைப் பார்க்கக் கிளம்பி வந்தன. விலங்குகளை இனம் பிரிக்கும் பாடம் அது. பாறைமேல் வெயில் காயும் முயலளவுப் பிராணியான பிம்பிக்கு எலி உறவில்லை, யானைதான் நெருங்கிய சொந்தம் என்று வகேஷோ டீச்சர் சொல்லியிருந்தார்.

பிம்பிகள் குடியிருந்த பாறை விவசாயி முவாடிமேயின் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் இருந்தது. யானைகள் வெறுங்கையோடு வரவில்லை. யார் தோட்டத்திலோ பிடுங்கிய வாழைத்தார்களைச் சீராகக் கொண்டுவந்தன. பிம்பிகள் கொஞ்சம் கீச்சிட்டுவிட்டு, தும்பிக்கை வழியே ஏறி நெற்றியில் உட்கார்ந்துகொண்டன. விருந்து மூன்று வாரம் நீண்டதில் பாதிச் சோளம் போயிற்று. அந்த வருடம் மழையும் சுமார். மீதியும் போனால், மாசமாயிருந்த மனைவி வாவுடாவுக்கு உகாலிக் களி கிண்ட மாவிருக்காது. முவாடிமே பள்ளிக்கு ஓடினார்.

“டீச்சர், பிம்பி எலிக்குத்தான் சொந்தம்னு மாத்திச் சொல்லிடுங்க.”

“சொல்லலாம். அப்புறம் எலிங்க சீர் தூக்கிட்டு வந்தா?”

முவாடிமே அதை யோசித்திருக்கவில்லை. “அப்ப நான் யாருக்குச் சொந்தம்?” என்றார் எரிச்சலாக.

டீச்சர் சுவரிலிருந்த விலங்கின உறவுக்கோட்டுப் படத்தைக் காட்டினார். “குட்டிக்குப் பால் குடுக்கிறதெல்லாம் ஒரே வகுப்புய்யா. நீ, நான், பிம்பி, யானை.”

“இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?”

“மணி அடிச்சிட்டாங்க.”

முவாடிமே படத்தைக் கழற்றிக்கொண்டு போய் மூத்த பெண்யானைமுன் விரித்தார். “தாயி, நானும் உங்க ஆளுதான். கொஞ்சம் தூரத்துச் சொந்தம்.” யானை தும்பிக்கை நுனியால் கோடுகளைத் தடவிப் பார்த்தது. அவர் காதைப் பிடித்துப் பார்த்து, அதன் அளவுக்காகப் பரிதாபப்பட்டதுபோல் மூச்சுவிட்டது. பிறகு வாயிலிருந்த கதிரை எடுத்து அவர் கையில் வைத்தது. அன்றே எல்லாமே வரப்போரமாக வரிசையில் வெளியேறின.

வாவுடாவுக்குப் பெண் பிறந்ததும் பதினொன்றும் திரும்பி வந்தன. குழந்தை பால் குடிப்பதை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டின. இப்போதெல்லாம் சந்தைக்குப் போகிற வழியில் முவாடிமே வீட்டு வாசலை யானை அடைத்து நின்றால் யாரும் கூச்சலிடுவதில்லை. ஓரமாக ஒதுங்கி, “அப்பா வழியா, அம்மா வழியா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.