வரப்புக்கு எலும்பு வைத்தது

1991 ஆவணியில் மாரியாத்தாளின் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். தை பிறப்பதற்குள் அவளுடைய தோட்டத்து வரப்பு ஒரு சாண் இறங்கிவிட்டது. அந்த வருஷம் பூவன் வாழைத்தார் நாற்பது ரூபாய். வரப்புக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், தம்பி அங்கப்பனின் தோட்டம். அதில் கிணறு கிடையாது. அக்கா பாய்ச்சிய தண்ணீர் வரப்பைத் தாண்டி அவனுக்குப் போனது. அதுவரை சோளம் விதைத்தவன் வாழை வைத்தான். அவள் கொட்டிய மண் எதுவும் வரப்பில் நிற்கவில்லை. 1993இல் இரண்டாவது பல் போனது, 1994இல் மூன்றாவது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண். சந்தைக்குப் போகும்போதெல்லாம் அங்கப்பன் அக்காவுக்கு அரைக் கிலோ ஜிலேபி வாங்கி வந்தான். பாசக்காரன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

1996இல் நான்காவது பல் வலித்தபோது வரப்பு ஒரு சாண்தான் மிச்சம். கன்னம் தேங்காய் மூடி போல வீங்கியும் பிடுங்கச் சம்மதிக்காமல் பதினோரு நாள் பொறுத்தாள். பன்னிரண்டாம் நாள் துடியலூர் போய்ப் பல் டாக்டர் சபுராவிடம் சொன்னாள்.

“பல்லு போனா வரப்பு போயிருமுங்க. வரப்பு போனா என்ற வாழ காஞ்சிருமுங்க.”

சபுரா ஆச்சரியப்படவில்லை. பல் போனால் அதைத் தாங்கிய எலும்பும் கரைந்து இறங்கும் என்றார். பிடுங்கிய கையோடு குழியில் எலும்புத் தூளை நிரப்பித் தைத்துவிட்டால் மேடு நிற்கும். தூளை அவள் மோவாயிலிருந்தே சுரண்டிக்கொள்ளலாம்.

“எத்தன கூடை வேணுமுங்க?”

“அர ஸ்பூனு போதுமுங்கம்மா.”

மோவாயில் சுரண்டித் தைத்த அன்று தோட்டத்தின் வடக்கு மூலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி விழுந்தது. மாரியாத்தாள் அதில் முருங்கைக் கொம்பு நட்டாள். பிறகு ஆறு மாதம், தினமும் காலையில் வரப்பைச் சாண் போட்டுப் பார்த்தாள். விரற்கடைகூட இறங்கவில்லை. அவள் வாழை குலை தள்ளியது. அங்கப்பனின் வாழை இலை தொங்கியது.

“உள்ள சிமிட்டி போட்டயாக்கா?”

“எலும்பு போட்டிருக்கறன். தண்ணி வேணும்னா வாயத் தொறந்து கேளு சாமி. மாட்டன்னா சொல்லப்போறன்?”

கேட்க அவனுக்கு நான்கு நாள் ஆனது. அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் மாரியாத்தாள் வரப்பை ஒரு முழ அகலத்துக்கு வெட்டித் தண்ணீர் விட்டு, மறுபடி அணைத்துவிடுகிறாள். மண்வெட்டி இறங்கும்போது பல் இல்லாத இடத்தில் கூசும். கன்னத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையால் வெட்டுவாள்.